ஏ பக்கம் முடியும் வரை

டேப் அக்காவின் கடையில் கடிகாரம் கிடையாது. ஆரம்பத்தில் ஒன்று இருந்தது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்காருகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம்க்கா?" என்று நச்சரிக்கத் தொடங்கியதும், அதைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அது கொஞ்ச நாள் ஓடிவிட்டு நின்றுபோனது. யாரும் வருத்தப்படவில்லை.

கடிகாரம் இல்லாவிட்டால் என்ன, கேசட் இருந்தது. ஏ பக்கத்தில் நான்கு பாட்டு, பி பக்கத்தில் நான்கு பாட்டு. குழந்தைத் தலைக்கு ஒரு பாட்டு. பெரியவர்களுக்கு முடி வெட்ட இரண்டு. முடியைச் சுருட்டிவிட இரண்டு பக்கமும் வேண்டும். சாயம் பூசிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், ஏ பக்கம் முடிந்து டேப் தானாகப் பக்கம் மாறும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத் தலையைக் கழுவ வேண்டும். இருபத்திரண்டு நிமிடம். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. வாடிக்கையாளர்களும் இதற்குப் பழகிவிட்டார்கள். "அவசரம்க்கா, ஒன்றரைப் பாட்டுல முடிச்சு விடுங்க" என்று பேரம் பேசுவார்கள். எதிர்வரிசை மருந்துக்கடைக்காரம்மா சாயம் பூசிய தலையோடு தன் கடைக்குப் போய் வியாபாரம் பார்ப்பார். நான்காவது பாட்டின் டிரம்ஸ் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டதும், எண்ணிக்கொண்டிருந்த மாத்திரையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்.

இந்தக் கேசட்டை அக்கா தேடிப்போய் வாங்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் கடையை எடுத்தபோது, சுழல் நாற்காலி இரண்டு, விரிசல் விட்ட கண்ணாடி ஒன்று, இவற்றோடு பலகைமேல் ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்தது. உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. மூடி திறக்கவில்லை. குத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒரு நாள் ஓங்கி ஓர் அடியும் வைத்தார். அசையவில்லை. பொத்தானை அமுக்கினால் மட்டும் சமர்த்தாகப் பாடியது. நான்கு பேர் கிடாரும் டிரம்ஸுமாகச் சேர்ந்து கூரையைப் பிய்க்கிற அமர்க்களம். முதல் வாரம் அக்காவுக்குத் தலைவலி. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அதையே முணுமுணுத்தார். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. அதனால் என்ன, வாய்க்கு வந்த வார்த்தையைத் தானே போட்டுக்கொண்டார்.

மூடியைத் திறக்க ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் ஐந்து நாள் வந்தார். மூடி திறக்கவில்லை. ஆறாவது நாள் வேலைப் பையைக் கொண்டுவராமல் வந்தார். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம்.

பதினொரு வருஷம் வரை அது யாருடைய பாட்டு என்றே அக்காவுக்குத் தெரியாது. ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ள வந்த கல்லூரிப் பெண், முதல் பாட்டு தொடங்கியதும் நாற்காலியிலிருந்து துள்ளினாள். காது தப்பியது அவள் செய்த புண்ணியம். "அக்கா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கப்பா இந்த ஆல்பத்தைச் சத்தமா வச்சதுக்குத் தாத்தாகிட்ட செருப்படி வாங்கியிருக்காரு! இப்ப நான் வச்சா அவர் திட்டறாரு!" என்றாள். கழுத்துத் துணியை விலக்கி, போட்டிருந்த மேல்சட்டையைக் காட்டினாள். அதில் ஆளில்லாத சாலை, நடுவில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு குடை. அதுதான் ஆல்பத்தின் அட்டைப்படமாம். பதினொரு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது அக்காவுக்கு. வெட்கமாகவும் இருந்தது.

கணக்கில் புலியான வாடிக்கையாளர் ஒருவர், அக்கா அந்த ஏ பக்கத்தை நாற்பதாயிரம் தடவையாவது கேட்டிருப்பார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். சலிக்கவில்லையா என்றும் கேட்டார். சலிக்கவில்லை. மூன்றாவது வருஷம்தான் முதல் கிடாருக்கு அடியில் இன்னொரு கிடார் ஒளிந்திருப்பது கேட்டது. பத்தாவது வருஷம், பாடுகிறவன் இரண்டாவது பாட்டைத் தொடங்குமுன் மூச்சை இழுப்பது கேட்டது. "இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கானுங்களோ" என்பார் அக்கா. மகள் பிறந்து தூங்காமல் படுத்திய நாட்களில் அந்த இரண்டாவது பாட்டைப் பாடித்தான் தூங்கவைத்தார். உடம்பு முடியாமல் மூன்று மாதம் கடையை மூடிய வருஷம், திரும்பி வந்து முதலில் அமுக்கியது விளக்கின் சுவிட்சை அல்ல, அந்தப் பொத்தானைத்தான். அன்றைக்கு முதல் பாட்டு முடியும்வரை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரே ஒரு குறை. மூன்றாவது பாட்டின் கடைசியில் கிடார் மேலே மேலே ஏறும். ஏறி, இதோ எதையோ சொல்லப்போகிறது என்னும்போது சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்துவிடும். உடனே நான்காவது பாட்டு. "அதுக்கப்புறம் அவன் என்னதான் வாசிச்சிருப்பான்?" என்று கணவரிடம் கேட்பார்.

"என்ன வாசிச்சிருப்பான், கையைக் கழுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்" என்பார் மெக்கானிக்.

இப்போது நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். மெக்கானிக்கின் மூத்த சகோதரி. பள்ளித் தலைமையாசிரியை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பெல் டீச்சர். கறுப்புத் தோல் வார் வைத்த வாட்சை, மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். சினிமாவுக்குப் போனால் கூட்டம் முந்திவிடும் என்று கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன்பே எழுந்துவிடுவார். அதனால் எந்தப் படத்திலும் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு நிற்க மாட்டார், போனில் எதிராளி முடிக்கும்வரை கேட்க மாட்டார்.

தம்பி மனைவியின் கடைக்கு இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தலையைக் கொண்டுவந்ததில்லை. "கடிகாரம் இல்லாத கடையில யாராவது தலையைக் குடுப்பாங்களா?" என்று ஒரு குடும்ப விசேஷத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அக்கா சிரித்து மழுப்பினார். ஆனால் அந்தச் சொல் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஊரில் பாதித் தலை தன் கையில் இருக்கும்போது, சொந்தக் குடும்பத்தின் பெரிய தலை வேறு கடைக்குப் போவது எந்தத் தொழிலாளிக்குத்தான் பொறுக்கும்?

சென்ற வருஷம் டேப் ரிக்கார்டர் கேசட்டை மென்று துப்பியது. மெக்கானிக் ஒருவழியாக மூடியைப் பெயர்த்தெடுத்தார். டேப் கந்தலாகிக் கிடந்தது. அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மெக்கானிக் ரிக்கார்டரைப் பழுது பார்த்தார். எங்கெங்கோ விசாரித்து, அந்த ஆல்பம் வெளிவந்து நாற்பது வருஷமானதற்காகப் புதிதாக வெளியிட்ட பதிப்பு ஒன்றை வரவழைத்தார். பழைய காலத்து ஆசாமிகளுக்காகக் கேசட்டாகவும் போட்டிருந்தார்கள். கெட்டி அட்டைப்பெட்டி, மேலே அதே குடை, உள்ளே எறும்பு எழுத்தில் ஒரு புத்தகம். அக்கா பெட்டியை முகர்ந்து பார்த்தார். அட்டையின் பின்பக்கம் படித்தார். அதே எட்டுப் பாட்டு, அதே வரிசை. புத்தகத்தை மெக்கானிக் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார்.

பெட்டி வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாத்தனார் கடை வாசலில் நின்றார். பின்னால் மெக்கானிக், பலியாடு மாதிரி.

"நான் போற பார்லர்ல தண்ணி பைப் வெடிச்சிருச்சாம். இன்னைக்கு நாலு மணிக்கு எனக்குப் பிரிவுபசார விழா. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். போட்டோ எடுத்து ஸ்கூல் ஹால்ல மாட்டப் போறாங்க, அது அங்கேயே இருக்கும்" என்றார். உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். சுவரில் இல்லாத கடிகாரத்தின் இடத்தை ஒரு தடவை முறைத்தார். "இளம் பழுப்பு. புரியுதா? நேரம் கூடிக் கறுப்பாச்சுன்னா சவுரி வச்ச மாதிரி இருக்கும். தலைமுறை தலைமுறையா பிள்ளைங்க பார்த்துச் சிரிக்கும்."

"இருபத்திரண்டு நிமிஷம் அண்ணி. கச்சிதமா வரும்" என்றார் அக்கா.

வகிடு வகிடாகப் பிரித்து, நெற்றியில் ஒரு பொட்டுச் சாயம் படாமல் பூசினார். தலைக்கு உறை மாட்டினார். கையை மடியில் மல்லாத்தி, வாட்ச் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் நாத்தனார். அக்கா புதுக் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார்.

என்ன சொல்வது! ஜன்னல் கண்ணாடியை யாரோ துடைத்துவிட்டது போல இருந்தது. டிரம்ஸில் குச்சி படுவதுகூடத் தனியாகக் கேட்டது. இரண்டாவது பாட்டில் மூச்சை இழுக்கிறவன், அதற்குமுன் உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறான்! மூன்றாவது பாட்டு வந்தது. கிடார் ஏறியது, ஏறியது. இதோ தேயப்போகிறது என்று அக்காவின் காது வழக்கம்போல் விடைகொடுக்கத் தயாரானது.

தேயவில்லை.

கிடார் மேலே போய், ஒரு நொடி நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நிதானமாக இறங்க ஆரம்பித்தது. இருபத்தெட்டு வருஷமாகக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது இப்போது இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பேசியது. அடியில் ஒளிந்திருந்த இரண்டாவது கிடாரும் எழுந்து வந்து பதில் சொன்னது. அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கடை, தலை, சாயம், எதுவும் ஞாபகம் இல்லை. அவன் டீ குடிக்கப் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசி நரம்பு அடங்கி, நான்காவது பாட்டும் முடிந்து, 'டக்'.

பழக்கத்தில் கை தானாக எழுந்து தண்ணீரைத் திறந்தது. முதல் அலசலில் ஓடிய தண்ணீரைப் பார்த்ததும் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இளம் பழுப்பு எங்கே? துடைத்ததும் கண்ணாடியில் தெரிந்தது தார் ரோடு. அசல் சவுரி.

மெக்கானிக் மெல்ல எட்டிப் பார்த்தார். "அந்தப் புத்தகத்துல போட்டிருந்தது. அந்தக் காலத்துல இடம் பத்தலைன்னு மூணாவது பாட்டோட கடைசியை வெட்டிட்டாங்களாம். இப்ப முழுசாப் போட்டிருக்காங்க. பதினோரு நிமிஷம் கூட."

"ஏங்க, இதை எப்பச் சொல்லணும்?"

"பாட்டு கூட இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன்."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாத்தனார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, சாயத்தை இறக்க ஒரு கலவை இருக்கு. எட்டு நிமிஷம் வைக்கணும். எட்டுக்கு மேல ஒரு நொடி போகக்கூடாது." சொல்லிவிட்டு நின்றார். எட்டு நிமிடத்துக்கு எந்தப் பாட்டை நம்புவது?

நாத்தனார் வாட்சைக் கழற்றிக் கண்ணாடிக்கு முன் பலகையில் நிறுத்தி வைத்தார்.

அந்த வாட்ச் மணிக்கட்டை விட்டு இறங்கி மெக்கானிக் ஒரு நாளும் பார்த்ததில்லை. மூன்று பேரும் மூச்சுவிடாமல் முள்ளைப் பார்த்தார்கள். எட்டு நிமிடம். அலசல். மறுபடி கலவை, மறுபடி எட்டு. இரண்டரை மணிக்குத் தலையை உலர்த்தி முடித்தபோது, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் வந்து நின்றது. வெளிச்சம் படுகிற இடத்தில் லேசாகச் சிவப்பு.

நாத்தனார் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "இது இளம் பழுப்பு இல்ல."

"இல்ல அண்ணி."

"சவுரி மாதிரியும் இல்ல."

"இல்ல அண்ணி."

"ம்." எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். வாட்சை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் அக்காவுக்கு அது உறைத்தது.

"அண்ணி, ஒண்ணு கேட்கட்டுமா? வாட்ச் உங்க கண்ணுக்கு முன்னாடியேதான் இருந்தது. இருபத்திரண்டு நிமிஷம்னும் சொல்லியிருந்தேன். தாண்டினது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? தாண்டினதுமே தெரிஞ்சது."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

பெல் டீச்சர் வாரின் துளையில் ஊசியை மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"எப்படிம்மா சொல்றது? அவன் இன்னும் வாசிச்சு முடிக்கலையே."