வேப்பிலை கட்டிய வாசலில் கிடைத்த உத்தரவு

அந்தப் பங்குனியில் எனக்கு வேலையே வெறுத்துப் போயிருந்தது. யுத்த காலம். நான் அம்மைப்பால் ஆராய்ச்சிக்காரன். கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுக்கும் அந்த மருந்தைப் பிள்ளைகளின் கையில் கீறி வைத்தால் பெரியம்மை அண்டாது. ஆனால் மதுரை வெயிலில் அது கிராமம் போய்ச் சேருவதற்குள் வீரியம் செத்துவிடும். அதைச் சாகவிடாமல் கொண்டு சேர்க்க வழி தேடுவதுதான் என் பிழைப்பு. ஐஸ் எல்லாம் பட்டாளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மண்பானையில் ஈர மணலை நிரப்பி, மருந்துக் குழாய்களை அதில் புதைத்து, மேலே நனைத்த சாக்கைச் சுற்றி, மாட்டுவண்டியில் ஊர் ஊராக அலைவேன். கக்குவான், தொண்டை அடைப்பான், பேதி என்று பிள்ளைகளை வாரிக்கொடுத்த வீடுகளையே பார்த்துப் பார்த்து, எனக்கு அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

இதில் இன்னொரு சங்கடம். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். சிறுவயதில் எனக்கே அம்மை வார்த்து, முகமெல்லாம் தழும்பு. அவள்தான் என்னைப் பிழைக்க வைத்தாள் என்று நம்பி வளர்ந்தவன். கூட வேலை பார்த்தவர்களோ, "காலையில் அவளைக் கும்பிட வேண்டியது, மத்தியானம் அவளோடு மல்லுக்கட்ட வேண்டியது" என்று கேலி செய்வார்கள். சிரித்துவிட்டுப் போவேன்.

திருவாதவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் அம்மை கண்டிருப்பதாகச் சேதி வந்தது. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பானை மணல் பாதி காய்ந்துவிட்டது. பேச்சி என்கிற ஏழெட்டு வயதுப் பெண்ணுக்குத்தான் முதலில் வார்த்திருந்தது. வாசலில் வேப்பிலை. அவளுடைய பெரியப்பா என்னை மறித்து நின்றார்.

"ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா. வந்தவள வெரட்டவா வந்தீரு? ஒரு பிள்ளை கையிலயும் கத்தி படக்கூடாது. போயிரும்."

எத்தனையோ ஊரில் கேட்ட பேச்சுதான். எப்போதும் சட்டம் பேசுவேன், சத்தம் போடுவேன். அன்று திரும்பிவிடலாம் என்று பானையைத் தூக்கினேன். அப்போதுதான் உள்ளே தாயின் குரல் கேட்டது.

"ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்? எதுன்னாலும் கேளு, தாரேன்."

அம்மை கண்ட பிள்ளையை நம் வீடுகளில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் ஆத்தா. அவள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. இளநீர் கேட்பாள், நுங்கு கேட்பாள் என்று நினைத்தேன். பேச்சி கேட்டது வேறு.

"தம்பியக் கொண்டாந்து எம் பக்கத்துல போடு. எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கல."

தம்பி கைக்குழந்தை. அதுவரை அவனைச் சித்தி தொழுவத்துப் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் வெளியே வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. ஆனாலும் தொழுவத்தைப் பார்த்துத்தான் நடந்தாள். ஆத்தா வாக்கை மீற அவளால் முடியாது. அந்தக் குழந்தையைப் பேச்சியின் பக்கத்தில் கிடத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாசலிலேயே கையைக் கூப்பினேன். நீண்ட வேண்டுதல் எதுவும் வரவில்லை. "தாயே, என்னால் முடியவில்லை. உன் பிள்ளையை நீயே பார்த்துக்கொள்" என்றேன். அவ்வளவுதான். கண்ணீர் தானாக வழிந்தது.

பிறகு பெரியப்பாவிடம், "மருந்து வேணாம்ண்ணே. ஆத்தாவக் கும்பிட்டுட்டுப் போயிர்றேன்" என்றேன். கும்பிட வந்தவனைத் தடுக்க அவருக்கும் மனம் வரவில்லை. கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு உள்ளே போனேன். வேப்பிலைப் படுக்கையில் படுத்திருந்த பேச்சி என் முகத்தையே பார்த்தாள்.

"ஒனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு ஆத்தா. ஒன்னைய விடச் சின்னவனா இருந்தேன்."

"எரிஞ்சுச்சா?"

"ரொம்ப எரிஞ்சுச்சு."

தாய் குழந்தையோடு வாசற்படியில் வந்து நின்றாள். பேச்சி அவனைப் பார்த்தாள், தன் கையிலிருந்த அம்மை முத்துக்களைப் பார்த்தாள்.

"அப்ப தம்பிக்கு வேணாம். அவன் தாங்க மாட்டான். வெளிய கொண்டு போ. அவனுக்கு வராம இருக்க என்ன செய்யணும்?"

"கையில லேசாக் கீறி மருந்து வைக்கணும் ஆத்தா."

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"கீறு."

என் பின்னாலேயே உள்ளே வந்திருந்த பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து வெளியே போய், "ஆத்தாவே உத்தரவு குடுத்துட்டா, பிள்ளைகளத் தூக்கியாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. முதலில் தம்பியின் கையில் கீறினேன். பொழுது சாய்வதற்குள் பானையில் இருந்த குழாய்கள் காலியாகிவிட்டன.

ஆனாலும் எனக்குத் தூக்கம் இல்லை. மணல் காய்ந்திருந்ததே, மருந்து செத்திருந்தால்? அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். தம்பியின் கையில் கீறிய இடம் அழகாகக் கொப்பளித்து நின்றது. மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படியே. அந்தச் சூட்டில் அது எப்படி உயிரோடு இருந்தது என்று என் படிப்புக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

பேச்சிக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு மறுபடி போனேன். வேப்பிலையை அவிழ்த்திருந்தார்கள். தெருமுனையிலேயே தாயின் குரல் கேட்டது.

"அடியே பேச்சி! தம்பியத் தூக்காதன்னு எம்புட்டுத் தடவ சொல்றது? கழுத, எறக்கி விடுடி!"

ஆத்தா போய்விட்டாள், பேச்சி திரும்பி வந்துவிட்டாள். அந்த வசவைக் கேட்டுக்கொண்டு வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் வேலையை விடவில்லை. அலுப்பும் என்னை விடவில்லை. ஆனால் இப்போது அம்மை கண்ட வீட்டில் பானையை இறக்கும் முன் குளித்துவிட்டு உள்ளே போய், படுத்திருக்கும் பிள்ளையிடம் கேட்கிறேன். சில வீடுகளில் உத்தரவு கிடைக்கும், சில வீடுகளில் கிடைக்காது. மறுநாளும் போய்க் கேட்பேன். இந்த மாரியம்மன் கோயிலுக்குப் பிள்ளைகளோடு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அவளை நம்புங்கள். வீட்டுக்குப் போகும்போது வெளிப்பிரகாரத்து வேம்படிக்கு வாருங்கள், என் பானை அங்கேதான் இருக்கிறது. மணல் இன்னும் ஈரமாக இருக்கிறது.