சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

பாலக்கரையில் நாங்கள் படம் பார்த்த கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. உட்கார்ந்தால் தலை மறையும். நின்றால் இடுப்புக்கு வரும். புருஷன் பெண்டாட்டியாக வந்தாலும் வாசலிலேயே பிரிந்துவிட வேண்டும். அவர் அந்த வழி, நாம் இந்த வழி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிரிப்பைக் கேட்கத்தான் நான் படத்துக்குப் போனேன். சிரித்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. இதை எழுதுகிறவள் கேட்டபோதும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கமருன்னிசாதான் சொன்னாள்: மருதை. அப்படியே எழுதிக்கொள்ளட்டும்.

மருங்காபுரிப் பக்கத்துச் சோளக்காட்டிலிருந்து ஐம்பத்திரண்டாம் வருஷம் நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவருக்கு இரும்புப் பட்டறையில் வேலை. அரிசி மில்லுக்குப் பாய்லர், தண்ணீர்த்தொட்டி எல்லாம் செய்கிற பட்டறை. தொட்டிக்கு வெளியே நிற்கிறவன் பழுக்கக் காய்ந்த ஆணியைச் சம்மட்டியால் அடிப்பான். உள்ளே குந்தியிருக்கிறவர் அந்த ஆணியின் தலையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருந்தவர் இவர். கோயில் மணிக்குள்ளே ஆளை உட்கார வைத்து நாளெல்லாம் அடித்தால் எப்படி? அப்படித்தான்.

வீட்டில் ஒரே கூடம். மாமியார் காளியாயி எதிரில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் "தண்ணி" என்பார், நான் வைப்பேன். கல்யாணமாகி ஆறு மாசம் அவர் பல்லை நான் பார்த்ததில்லை.

கமருன்னிசாதான் ஒரு நாள் வந்து என் மாமியாரைப் பிடித்தாள். "அத்தே, ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டம். சிரிப்புப் படமாம். வெள்ளையம்மாவை நான் பத்திரமா கூட்டிப் போயி கூட்டியாறேன்."

"சிரிக்கிறதுக்குக் காசு குடுத்துப் போகணுமாக்கும்? சரி, அவனும் வரட்டும், துணைக்கு."

படத்தில், பணக்காரர் வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறவன் அந்த வீட்டுக்கே சமையல்காரனாக வேஷம் போட்டு வந்துவிடுகிறான். அவளுக்கு ஆள் யார் என்று தெரியும். தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவனுக்குச் சமையலும் தெரியாது. பரிமாறும்போதெல்லாம் அவளுடைய அப்பாவிடம் கையைக் கட்டிக்கொண்டு, "உப்பு போட்டேனான்னு நீங்கதான் சொல்லணும்" என்கிறான். சிரிப்பில் கொட்டகையே இடிந்து விழுந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு சிரிப்பு மட்டும் தனியாக வந்தது. விக்கல்போல் ஆரம்பித்து, மேலே ஏறி, கடைசியில் 'பட்'டென்று தொடையில் ஒரு தட்டு.

"ஏடி, உன் ஆளுடி!" என்றாள் கமருன்னிசா.

"போடி. அவருக்குச் சிரிக்கவே தெரியாது."

அவள் எழுந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அவரேதான்டி! தொடை வீங்கிடும் போலிருக்கு."

திரும்பும்போது வழக்கம்போல் அவர் பத்தடி முன்னே போனார். அன்று சாப்பிடும்போது, தலையைத் தூக்காமல், தட்டைப் பார்த்தே சொன்னார்: "உப்பு போட்டேனான்னு நீங்கதான் சொல்லணும்."

"யார்றா உப்பு போட்டது? நீயா சமைச்சே?" என்றார் மாமியார்.

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒன்றுதான். அது போதுமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு வசனம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்தப் படங்களைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. எல்லாம் ஒரே கதை, வேஷம், சண்டை, கடைசியில் தாலி, இதைப் போய் எத்தனை தடவை பார்ப்பது என்பார்கள். கதை தெரிந்துதானே போனோம்! முடிவில் தாலி ஏறும் என்று தெரிந்தால்தான் நடுவில் பயமில்லாமல் சிரிக்கலாம். இன்றைக்கும் அப்படிப் படம் வந்தால் போவேன். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குச் சிரிப்புப் படம் கேட்கிறதா என்பார்கள். கேட்கட்டும்.

ஐம்பத்தைந்தில் பிரசவத்துக்குத் தாய்வீடு போனேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் பத்து மாசம் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. திரும்பி வந்த நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தேன்.

முதல் சிரிப்புக் கட்டம் வந்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள். ஓய்ந்து ஒரு நொடி கழித்து, ஆண்கள் பக்கத்திலிருந்து ஒற்றைச் சிரிப்பு ஒன்று எழுந்தது. யாரோ கத்தினான்: "மாப்பிள்ளை சிரிப்பு லேட்டு வண்டியில வருதுடோய்!" கொட்டகை மறுபடி சிரித்தது. அடுத்த கட்டத்திலும் அப்படியே. "வந்துருச்சு வண்டி!" பெண்கள் பக்கமும் படத்தை விட்டுவிட்டு அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தது. நானும்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மூன்றாம் தடவை ஆண்கள் பக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அப்போதுதான் அந்தச் சிரிப்பின் வால் கேட்டது. தொடையில் 'பட்'டென்று ஒரு தட்டு.

என் வாய் அப்படியே நின்றது. எழுந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

பட்டறைச் சத்தத்தில் காது போய், படத்தில் பேசுவது அவருக்கு விழவில்லை. பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். வந்து நாலு நாளாகியும் எனக்குத் தெரியவில்லையே என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் பேசினால்தானே தெரியும்!

அன்று திரும்பும்போது அவர் முன்னே போகவில்லை. பக்கத்திலேயே வந்தார். தெருவே கேட்கும் குரலில் கேட்டார்: "படத்தைப் பார்த்துச் சிரிச்சாங்களா, என்னையப் பார்த்தா?"

நான் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"நீயும் சிரிச்சியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அது பொய். நான் சிரித்தேன். அவர் இருந்தவரை இதைச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அதோடு படம் நின்றது. சாப்பாட்டில் வசனமும் நின்றது. கொட்டகை ஒலிபெருக்கியில் பாட்டு வைத்தால் நான் ஜன்னலைச் சாத்துவேன். அவருக்குத்தான் கேட்காதே, யாருக்காகச் சாத்தினேனோ! கமருன்னிசா கூப்பிட்டபோதும் போகவில்லை. அவர் சிரிக்காத கொட்டகையில் எனக்கு என்ன வேலை? அஞ்சு வருஷம் ஓடிப் போயிற்று.

மாமியார் காலமான பிறகு கமருன்னிசா ஒரு வழி சொன்னாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு கொட்டகையில் சேர் டிக்கெட் வாங்கினால் சுவர் கிடையாது, ஜோடியாக உட்காரலாம். ஆற்றைத் தாண்டிவிட்டால் நம்மைத் தெரிந்தவர்களும் கிடையாது. கையைக் காட்டியும் வாயை அசைத்தும் அவரை அழைத்துப் பார்த்தேன். "எனக்கு எதுக்குப் படம்?" என்று எழுந்து போய்விடுவார். நானும் விடவில்லை. ஒரு வருஷம் கேட்டேன். கடைசியில் ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, வாயை நன்றாகத் திறந்து திறந்து சொன்னேன்: "உப்பு போட்டேனான்னு நீங்கதான் சொல்லணும்."

கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்தார். பிறகு அந்த விக்கல் வந்தது.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, முதல்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தோம். அவர் கை என் கையில் உரசியது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். கொஞ்சமும் பிந்தவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் திரையையே பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பாருங்க என்று கையைக் காட்டினேன்.

"இதுலதான் படம் தெரியுது" என்றார் உரக்க, என் முகத்தைக் காட்டி. அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படி நாலு வருஷம் பார்த்தோம்.

அறுபத்தாறில் அவருக்கு இருமல் பிடித்தது. ரத்தம் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நெஞ்சு முழுக்கப் போயிருச்சும்மா. மூணு மாசம் தாண்டினா பெரிசு. கேட்டதை வாங்கிக் குடுங்க."

"என்ன சொல்றாரு?" என்றார் இவர்.

எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. படிக்க அவருக்கும் தெரியாது. எங்களுக்கு முகமும் கையும்தான். அவர் நெஞ்சைத் தொட்டு, கையை விரித்து, சரியாகிவிடும் என்று காட்டினேன்.

என் முகத்தையே பார்த்தார். "அப்ப ஸ்ரீரங்கம் போவோம். சிரிப்புப் படம் போட்டிருக்கான்."

இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று கையைக் காட்டினேன்.

"சரியாயிடும்னுதானே சொன்னாரு? அப்பறம் என்ன?"

நான் என்ன செய்வேன்? போனோம்.

விளக்கு அணைந்ததிலிருந்து என் முகத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை. நான் சிரித்தாக வேண்டும். இடைவேளை வரை கொட்டகையின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தேன். பிறகு திரையில் என்ன நடக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. மூணு மாசம், மூணு மாசம் என்றுதான் காதில் கேட்டது. முகம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவரும் சிரித்தார். விக்கல், ஏற்றம், தொடையில் தட்டு, நடுவில் இருமல்.

பின்வரிசையில் ஒரு மாமி பொறுக்க முடியாமல் சொன்னாள்: "என்னடி இது அக்கிரமம்! அந்தப் பொண்ணோட தோப்பனார் மாரைப் பிடிச்சுண்டு விழுந்து கிடக்கார், இதுகள் ரெண்டும் சிரிக்கறதுகளே!" முன்வரிசை திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். இந்தத் தடவை நானும் அவரோடு இந்தப் பக்கத்தில் இருந்தேன்.

ஆட்டம் விட்டு, அப்போது பாதியில் நின்ற மொட்டைக் கோபுரத்தருகே பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் தாழ்ந்திருந்தது. அவர் தன் குரலைத் தானே கேட்காதவர்; எதையும் உரக்கத்தான் கேட்பார். அன்று மட்டும் என் காதருகே குனிந்து, எனக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற மாதிரிக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு அழுவுறப்பவும் நீ சிரிச்சியே. ஒரு தடவை நான் திரையைப் பார்த்துட்டேன்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"எத்தனை மாசம்னு சொன்னாரு?"

பஸ் வருவது தெரிந்தது. நான் மூன்று விரலைக் காட்டினேன். அவர் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பாலக்கரையில் இறங்கும்வரை விடவில்லை.