மைக் அக்காவின் நெஞ்சு

என் அக்காவை எல்லோரும் 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் குரல் அவளுடையது. ஹாரன் சத்தத்தையும் குழந்தைகளின் அழுகையையும் தாண்டித் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் பொத்தானை அமுக்குவதற்கு முன் அவள் நெஞ்சு தறிகெட்டு ஓடும், விரல்கள் நடுங்கும். வெறும் பதற்றம்தான் என்று சொன்ன டாக்டர், படபடப்பை அடக்க ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை அவள் என்னிடம் சொன்னாள். கண்ணாடி அறையில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் தோழியிடமும் சொன்னாள்.

அந்தத் தோழி கூட இருந்தே குழி பறித்தாள். "மாத்திரை போட்டாத்தான் இவளுக்குப் பேச்சே வரும் சார். ஒரு நாள் மறந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று அக்காவை வைத்துக்கொண்டே மேலாளரிடம் கேட்டாள். நான் அங்கே இருந்திருந்தால் அந்த மைக்கை அவள் வாயிலேயே திணித்திருப்பேன். அந்த இடத்திலேயே மைக் தோழிக்குப் போயிற்று. அக்காவுக்குப் பார்சல் அறை.

அக்கா அதிர்ந்துபோய் நின்றாள். காலையில் போட்ட மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. விரல்கூட நடுங்கவில்லை.

"பாருங்க சார், எவ்வளவு நிதானமா நிக்கிறா. அவளுக்கே இது நிம்மதிதான்" என்றாள் அந்த உத்தமி. மேலாளரும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். துடிப்பு சீராக இருந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அடிச்சுக்கும்டி இது. இன்னைக்குப் பாரு, இதுவும் அவ பக்கம் சேர்ந்துக்கிச்சு."