மகள் பெயரில் வாங்கிய புகை

கீரையை வெந்நீரில் முக்கி எடுத்துப் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் கும்சுக்கின் கைப்பேசி மேசைமேல் துடித்தது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்திருந்தது. இவ்வளவு மரியாதையாகத் தொடங்கும் செய்தி எதுவும் அவளுக்கு நல்ல செய்தியாக இருந்ததில்லை. எங்களிடம் இருந்த தங்கள் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், வாங்கிய பொருட்களின் விவரம் ஆகியவை வெளியாட்கள் கைக்குப் போய்விட்டதாகத் தெரியவந்துள்ளது, தலைவணங்கி மன்னிப்புக் கேட்கிறோம். கீழே கடையின் பெயர்: மேகத் தோட்டம்.

கும்சுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மேகத் தோட்டம் பூச்செடி விற்கிற இடமில்லை. மின்சிகரெட்டில் ஊற்றுகிற திரவம் விற்கிற இணையக் கடை. தென்கொரியாவின் வொன்ஜு நகரத்துச் சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள், ஞாயிறு தவறாமல் தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களைச் சிரித்த முகமாக வரவேற்பவள், ஐம்பத்தெட்டு வயது இம் கும்சுக். அவள் மின்சிகரெட் பிடிப்பாள் என்பது அந்த ஊரில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மாதவிடாய் நின்ற வருஷத்தில் தூக்கம் போய், உடம்பெல்லாம் தீயாக எரிந்து, காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. மீன்கடைக்காரி ஒருநாள், "ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன், செத்தா போயிடுவே?" என்று நீட்டினாள். பீச் பழ வாசனை. கும்சுக் சாகவில்லை. அன்றைக்கு மதியம் உட்கார்ந்தபடியே கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தாள். பிறகு மீன்கடைக்காரி கடையை மூடிவிட்டு மகனோடு பூசான் போய்விட்டாள். பழக்கம் இவளோடு தங்கிவிட்டது. கடைக்குப் பின்னால், பூண்டும் எள்ளெண்ணெயும் மணக்கிற காற்றை வெளியே தள்ளும் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்று ஊதினால் எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆண்கள் சந்தை முனையில் கும்பலாக நின்று ஊதுவார்கள். அதற்குப் பெயர் ஓய்வு. கும்சுக் வயதில் ஒருத்தி ஊதினால் அதற்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதக் கை கூசுகிறது. திரவம் விற்கும் கடை ஒன்று ஊரில் இருக்கத்தான் செய்தது. அது தேவாலயப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவோடு நின்றால் அவள் எப்படிப் போவாள்? அதனால் இணையத்தில் வாங்கினாள். முகம் பார்க்கிற ஆள் இல்லை. வயது வந்தவர்தானா என்று மட்டும் கேட்பார்கள். பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் எல்லாம் போட்டால் ஒரு குறியீட்டு எண் வரும். அதைத் தட்டினால் கதவு திறந்துவிடும். யாருக்கும் தெரியாமல் வாங்குவதற்கு ஊர்பேர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதில் இருக்கும் கோளாறு அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இப்போது உறைத்தது. இருப்புக்கொள்ளவில்லை. கீரைக்கு உப்புப் போட்டாள், போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டாள். பாஸ்டரின் மனைவி அந்தப் பட்டியலைப் பார்ப்பது போலவும், பாடகர் குழுவில் தனக்குப் பக்கத்தில் நிற்கிறவள் மெல்ல ஓரடி தள்ளி நிற்பது போலவும் கண்ணுக்குள் ஓடியது. தாங்க மாட்டாமல் மேகத் தோட்டத்தின் உதவி எண்ணுக்கு அடித்தாள். பாட்டைக் கேட்கவைத்துக் காக்கவைத்த பிறகு ஒரு இளைஞன் வந்தான்.

"என் விவரத்தை எல்லாம் அழிச்சிடுங்க. இப்பவே."

"அழிச்சிடலாம்மா. அடையாள அட்டையை முன்னாடி பின்னாடி படம் எடுத்து அனுப்பிடுங்க."

"அது எதுக்கு?"

"நீங்கதான் நீங்களான்னு உறுதி பண்ணிக்கத்தாம்மா."

"குடுத்ததையே பத்திரமா வெச்சுக்கத் துப்பில்ல. இன்னும் குடுன்னா எந்த ஊர் நியாயம்ப்பா இது?"

"உங்க கோபம் புரியுதும்மா. விதி அப்படி இருக்கு. பேர் சொல்லுங்க."

பதற்றத்தில் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"இம் கும்சுக்னு எங்ககிட்ட யாருமே இல்லையேம்மா."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெயர் இல்லை! கண்ணை மூடி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொன்னாள். எதற்கு ஸ்தோத்திரம் சொல்கிறோம் என்று கொஞ்சம் கூசியது. இருந்தாலும் சொன்னாள்.

"நம்பரை வெச்சுப் பாக்கறேன் இருங்க. ஆங், இருக்கு. பியோ தாயொங். தொண்ணூத்தி மூணுல பிறந்தவங்க. நீங்க அவங்க இல்லையா?"

கும்சுக் அழைப்பைத் துண்டித்தாள். அட்டை இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்றவன், அவள் பெற்ற மகளின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் கேட்காமலே ஒப்பித்துவிட்டிருந்தான்.

புருஷன் இருந்தவரை அவளுடைய கைப்பேசி இணைப்பு அவன் பெயரில் இருந்தது. அவன் போனதும் அந்த இணைப்பும் போயிற்று. தாயொங்தான் கடைக்கு ஓடி, குடும்பத் திட்டத்தில் கட்டணம் குறைவு என்று தன் பெயரில் இன்னொரு எண்ணாகச் சேர்த்து வாங்கிக் கொடுத்தாள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரைப் போட்டால்தான் எந்தத் தளமும் உள்ளே விடும். ரயில் டிக்கெட்டா, அரிசிக்குக்கர் ரிப்பேரா, எதற்குக் கேட்டாலும் மகள் பெயரையும் மகள் பிறந்தநாளையும் தட்டித் தட்டி அவளுக்கு விரல் பழகிவிட்டது. மேகத் தோட்டத்திலும் விரல் அதையேதான் தட்டியது. மனசு அங்கே இல்லவே இல்லை.

அப்பாடா, நம் பெயர் வெளியே வரவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படியானால் வெளியே வந்தது யார் பெயர் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அந்த வரிசையை அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

தாயொங்குக்கு அடித்தாள். எடுக்கவில்லை. பள்ளி நேரம். தாயொங் மழலையர் பள்ளி ஆசிரியை. பள்ளியை நடத்தும் பாங் மேடம் இவர்கள் தேவாலயத்தில் மூத்த பொறுப்பில் இருப்பவர். மறுபடி அடித்தாள். அந்த நேரம் பார்த்துத் தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் கடைக்குள் வந்தாள். அடிக்கடி வருகிறவள்தான், ஆனால் கும்சுக் யாருடைய அம்மா என்பது அவளுக்குத் தெரியாது.

"ஆன்ட்டி, தாமரைத்தண்டு ஒரு டப்பா. இனிப்பு கம்மியா இருக்கறதா பாத்துக் குடுங்க. எங்க பெரியவ ஸ்கூல்ல இன்னிக்கு ஒரே ரகளை, தெரியுமா? யாரோ ஒரு பட்டியலை அம்மாக்களோட குரூப்ல போட்டுட்டாங்க. புகை வாங்கினவங்க பட்டியலாம். அதுல எங்க மிஸ் பேரு!"

"வேற யாராவது இருக்கும்" என்றாள் கும்சுக். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பியோன்னு குடும்பப் பேரு ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு? வருஷமும் சரியா இருக்காம். பீச் ஃப்ளேவராம் ஆன்ட்டி, நல்லா ருசிச்சிருக்காங்க! அந்த வாயால குழந்தைக்கு முத்தம் குடுத்தா நமக்கு எப்படி இருக்கும்? வேற மிஸ் போடச் சொல்லி எல்லாரும் பிடிவாதமா இருக்காங்க."

கும்சுக் டப்பாவைக் கொடுத்தாள். காசு வாங்கினாளா என்பது அவளுக்கே தெரியாது. அடுப்பை அணைத்து, ஏப்ரனோடேயே டாக்ஸி பிடித்தாள். பாதி வழியில், வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று நினைத்தாள். தாயொங் சின்ன வயசுக்காரி, கெட்டிக்காரி, எங்கே வேண்டுமானாலும் வேலை கிடைக்கும். எனக்கு இந்த வயசில் வேறு தேவாலயம், வேறு சந்தை, வேறு முகம் எங்கே கிடைக்கும்? இப்படியும் அவள் நினைத்தாள். டிரைவரிடம் எதுவும் சொல்லவில்லை. அதனால் வண்டி நேரே போயிற்று.

பாங் மேடம் தன் அறையில் பார்லி டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சிஸ்டர். கேள்விப்பட்டுட்டீங்களா? எனக்கே மனசு ஆறல."

"மேடம், அது தாயொங் இல்ல. நான்."

பாங் மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்த கனிவு கும்சுக்குக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"அம்மா மனசு எனக்குத் தெரியாதா சிஸ்டர்? ஆனா உங்க பொண்ணே ஒத்துக்கிட்டாளே."

"என்னன்னு?"

"தன்னோடதுதான்னு. நான்கூட சொன்னேன், இந்தாம்மா, உன் பேரை யாராவது திருடிப் போட்டிருந்தா சொல்லு, நானே எல்லா அம்மாக்களுக்கும் எடுத்துச் சொல்றேன்னேன். பட்டியலை வாங்கிப் பாத்தா. நம்பர்ல பாதியை மறைச்சு, கடைசி நாலு மட்டும் தெரியுது. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு நின்னா. அப்புறம் 'என்னோடதுதான் மேடம்'னு சொல்லிட்டா. வேலையை விட்டுடறேன்னு அவளேதான் சொன்னா. சட்டப்படி இது குத்தமில்ல, எனக்கும் தெரியும். ஆனா அந்த அம்மாக்கள் வாயை யார் அடைக்கறது?"

அந்த நாலு எண்ணைப் பார்த்ததும் தாயொங்குக்குப் புரிந்திருக்கும். புரிந்தும் அம்மா பெயரைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறாள்.

"அந்த நம்பர் என்னோடது. அவ பேர்ல இருக்கு, ஆனா என்கிட்ட இருக்கு. நான்தான் பிடிக்கிறேன். ஆறு வருஷமா."

"சிஸ்டர்," பாங் மேடம் பாவமாகச் சிரித்தார். "உங்களைப் பாத்தா யாராவது நம்புவாங்களா?"

வாழ்நாள் முழுக்க அவள் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பெயர் அன்றைக்கு அவளுக்கே எதிரியாகிப் போயிற்று. கும்சுக் கதவைத் திறந்தாள். பிறகு, "வெளிய வாங்க" என்றாள்.

பள்ளி விடும் நேரம். வாசலில் மஞ்சள் வேன் நின்றது. அம்மாக்கள் கும்பலாகக் கூடி, மேடத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சாலையின் அந்தப் பக்கம், புகைக்கத் தடை என்ற பலகையைத் தாண்டி, வேன் டிரைவர் சுவரில் சாய்ந்து சாவகாசமாக சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். தினமும் பிடிக்கிறவர்தான். அந்தக் கையால்தான் குழந்தைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவார். அவர் பெயர் எந்த குரூப்பிலும் வந்ததில்லை.

கும்சுக் சாலையைக் கடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். டிரைவர் மரியாதையாகச் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவள் பையிலிருந்து பேனா போன்ற அந்தச் சாமானை எடுத்தாள். எல்லாரும் பார்க்க உதட்டில் வைத்து இழுத்தாள். ஒரு இருமல் இல்லை, கண்ணில் நீர் இல்லை. தலையை லேசாகத் திருப்பி, யார் முகத்திலும் படாமல், மூக்கு வழியாக விட்டாள். பழகாதவளால் அப்படி விட முடியாது என்பது புகை பிடிக்காத அந்தப் பெண்களுக்கும் தெரிந்தது. பீச் வாசனை சாலையைக் கடந்து வந்தது.

"ஐயோ, சிஸ்டர்!" என்று பாங் மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, அங்க பாரு, அவங்க மேகம் விடறாங்க!" என்று ஒரு பெண்குழந்தை கத்தியது. அதன் அம்மா அதன் கண்ணைப் பொத்தினாள், பிறகு தானே எட்டிப் பார்த்தாள்.

"பட்டியல்ல இருக்கறது நான்தான்" என்று கும்சுக் சாலைக்கு இந்தப் பக்கம்வரை கேட்கும்படி சொன்னாள். சந்தையில் கூவிப் பழகிய குரல். "என் மகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போன் அவ பேர்ல இருக்கு. அவ்வளவுதான். யார் யாருக்குப் போட்டீங்களோ, அவங்களுக்கெல்லாம் இதையும் போடுங்க. வேணும்னா போட்டோ பிடிச்சுக்கோங்க."

ஒருத்தி நிஜமாகவே பிடித்தாள்.

தாயொங் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கழுத்தில் இன்னும் குழந்தைகள் ஒட்டிய காகிதப் பூ தொங்கியது. அம்மாவின் முழங்கையைப் பிடித்து, பலசரக்குக் கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் சிவந்திருந்தது. கும்சுக் அழுகையை எதிர்பார்த்தாள். வந்தது கோபம்.

"எதுக்கும்மா வந்தே? நான்தான் சொல்லிட்டேன்ல!"

"நீ சொன்னதாலதான்டி வந்தேன்."

"வேலை போனா இன்னொண்ணு. உனக்குச் சர்ச் போயிட்டா வேற என்ன இருக்கு?"

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் கும்சுக் தரையைப் பார்த்தபடி.

"எப்பவோ தெரியும். கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாப்புல இருந்து போன் பண்றேனே, 'ஏதாவது வாங்கிட்டு வரவா'ன்னு. எதுக்குன்னு நெனச்சே? ஒரு நாளாவது ஏதாவது வாங்கிட்டு வந்திருக்கேனா? நீ அணைச்சுட்டு, வாய் கொப்பளிச்சுட்டு உள்ள வரணும்னுதாம்மா. மழையில எல்லாம் அந்த ஸ்டாப்புல நின்னிருக்கேன். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா? ஊருக்குப் பயந்தே, சரி. எனக்குமா பயந்தே?"

ஊரே பார்க்கிறது, ஊரே பார்க்கிறது என்று காலையிலிருந்து தவித்தவளுக்கு, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த ஒருத்தி இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்தது தெரியாமல் போய்விட்டது. மகளின் கையைப் பிடித்தாள். தாயொங் உதறவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இன்னும் தீரவில்லை, தீர நாளாகும்.

பையில் கைப்பேசி துடித்தது. எடுத்துப் பார்த்தாள். பாஸ்டரின் மனைவி. நின்றது. உடனே மறுபடியும் துடித்தது.

"எடுக்காதே" என்றாள் தாயொங். "நாளைக்குப் பேசிக்கலாம்."

கும்சுக் எடுத்தாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது தாயொங்குக்குக் கேட்கவில்லை. அம்மா சொன்னது மட்டும் கேட்டது.

"ஆமாங்க. நான்தான்."