கோவில்பதாகையில் ஒரு பதினைந்து வருட பர்பன்

அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போய் பர்பன் என்ற விஸ்கியின் கிடங்குகளைச் சுற்றிப் பார்த்தவர்களின் பதிவுகள் இப்போது நிறைய வருகின்றன. எல்லாவற்றையும் படிக்கிறேன், பெருமூச்சும் விடுகிறேன். நான் அங்கே போனதில்லை. ஆனால் கோதுமை சேர்த்த, பதினைந்து வருடம் பீப்பாயில் கிடந்த ஒரு பர்பனைச் சுவைக்க ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகை வரை போயிருக்கிறேன். 1996, பொங்கல் கழிந்த ஞாயிறு. அமெரிக்காவிலிருந்து மல்லிகா வந்திருந்தாள், கூப்பிட்டாள், போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. அந்த மது ஒன்றும் பிரமாதமில்லை என்று என் மூக்கால் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

மல்லிகாவும் நானும் எம்.எஸ்ஸி. வேதியியலில் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. ஆய்வுக்கூடத்தில் பெயர் ஒட்டாத புட்டிகளை முகர்ந்தே எது என்னவென்று நான் சொல்லிவிடுவேன். அவள் கேட்டு எழுதிக்கொள்வாள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் வாங்கிவந்தது நான். நமக்கெல்லாம் யார் கொடுப்பார்கள் என்று என்னுடையதை நிரப்பாமல் விட்டதும் நான்தான். அவள் நிரப்பினாள். பத்து வருடத்தில் அவள் கென்டக்கியில் ஒரு மது ஆலையின் சுவைக்குழுவில் இருந்தாள். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பிஸ்கட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் எசன்ஸ் செய்யும் சிறிய நிறுவனத்தில், நாளைக்கு நாற்பது மாதிரிகளை முகர்ந்து 'சரி', 'சரியில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். மோசமான வேலை இல்லை. அவள் கடிதம் வராத மாதங்களில் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

காலை 8.40க்கு மயிலாப்பூரில் பஸ் ஏறி, 9.30க்கு சென்ட்ரல். 9.50 மின்ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். ஆவடிக்கு இருபத்தொரு கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரம். ஞாயிறு என்பதால் ஜன்னலோரம் கிடைத்தது. வாரத்தில் ஆறு நாள் இறங்கும் அம்பத்தூரில் இறங்காமல் உட்கார்ந்திருப்பது என்னவோ போல் இருந்தது. கைப்பையில் ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துவந்த இரண்டு சின்ன பீக்கர்கள், செய்தித்தாளில் சுற்றி. குறை கண்டுபிடிக்கப் போகிறவள் கருவிகளோடு போக வேண்டும் அல்லவா?

ஆவடி நிலையத்திலிருந்து கோவில்பதாகை நாலு கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோவில் மூன்று ரூபாய்.

"கோவில்பதாகைல எங்கம்மா எறங்கணும்?" என்றார் டிரைவர்.

"தனசேகர் வீடு. ராணுவ ஃபேக்டரியில் வேலை செய்கிறார்."

"ஃபேக்டரில நூறு தனசேகர் கீறாங்க. அமெரிக்கா தங்கச்சி வந்துகீதே, அந்த ஊடா?"

"ஆமாம்."

"அத்த மொதல்ல சொல்றதில்ல? நேத்துலேர்ந்து அந்த ஊட்டுக்குத்தான் சவாரி. நீயும் அமெரிக்காவாம்மா?"

"இல்லை. அம்பத்தூரில் வேலை."

"அதான பார்த்தேன்," என்றார். எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

தனசேகர் மல்லிகாவின் அண்ணன். குவார்ட்டர்ஸிலிருந்து வந்து புதிதாக வீடு கட்டியிருந்தார். மல்லிகா வாசலுக்கு ஓடிவந்து, "வாடி கோமு!" என்று கட்டிக்கொண்டாள். அவள் மாறவே இல்லை. முதல் எரிச்சல் அதுதான். மாறியிருந்தால் அவளை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னால் நாக்கு சுத்தமாக இருக்கும்போதே சுவைக்க வேண்டும் என்று என்னை உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அவளுடைய அண்ணி சரோஜா வெளியிலிருந்து, "கறி ஆறிப்பூடும், சொல்லிட்டேன்!" என்று குரல் கொடுத்தாள்.

பெட்டியிலிருந்து ஒரு சின்ன மாதிரி பாட்டிலை எடுத்தாள். லேபிள் இல்லை, பீப்பாய் எண் மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. பர்பன் என்றால் பாதிக்கு மேல் மக்காச்சோளம். கூட வழக்கமாக ரை என்ற காரமான தானியம் சேர்ப்பார்கள். இதில் அதற்குப் பதில் கோதுமை, அதனால் காரம் குறையும். உள்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் பதினைந்து வருடம். பாதிக்கு மேல் காற்றிலேயே போய்விட்டதாம்.

"ஆயிரக்கணக்கான பீப்பாயில இத நான் கண்டுபிடிச்சேன்டி. நான் தேர்ந்தெடுத்த மொத பீப்பாய். தனியா பாட்டில்ல போடணும்னு நான் சொல்றேன். மர வாசன ஏறிப்போச்சு, மத்ததோட கலந்துடலாம்னு குழுவுல மத்தவங்க சொல்றாங்க. பத்து நாள்ல நான் திரும்பிப் போய் முடிவு சொல்லணும். உன் மூக்கத்தான் நம்பறேன். நீ வேணாம்னா நான் விட்டுடறேன்."

பீக்கரில் ஊற்றி, உள்ளங்கையால் மூடிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். கையை எடுத்தேன். நெய்யில் வறுத்த கோதுமை மாவு முதலில் வந்தது. அடுத்து, கொப்பரையில் பாகு முற்றும் நேரத்து வெல்லம். அதற்குப் பின்னால் பழுத்த பலாச்சுளை, பழைய புத்தகத்தின் தோல் பைண்டிங். மரம் இருந்தது, ஆனால் தன் இடத்தில் இருந்தது. ஒரு வாய் குடித்தேன். எரியவில்லை, மெதுவாக நெஞ்சுவரை சூடு இறங்கியது. வருடக்கணக்காக நான் வெனிலா வாசனை தரும் வனிலின் பொடியைக் கரைத்து எசன்ஸ் என்று அனுப்பிவந்தேன். அதே பொருளை இந்த மரம் அவசரமே இல்லாமல் கொடுத்திருந்தது. இதைத் தேர்ந்தெடுத்தவள் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட மல்லிகா.

"மரம் அதிகம்," என்றேன். "கோதுமை தெரியவே இல்ல. கலந்துடறதுதான் நல்லது."

அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். "அப்படியா," என்றாள். "எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு." அவ்வளவுதான். பாட்டிலை மூடி, கதவைத் திறந்து, கூடத்தில் நண்பரோடு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கொடுத்தாள். "நீயே முடிச்சிடுண்ணே."

ஃபேக்டரிக்காரர்களுக்கு மது என்றால் கேன்டீன் ரம். ரம் என்றால் கோலா. தனசேகர் யோசிக்கவே இல்லை. எவர்சில்வர் டம்ளரில் பாதி அதை ஊற்றி, மீதியைக் கோலாவால் நிரப்பினார்.

"எப்படி கீது மாமே?" என்றார் நண்பர்.

"ஷோக்கா கீது. நம்ம ரம்மு மாதிரியேதான், இன்னா, கொஞ்சம் மந்தம்."

"மருந்து வாசன அடிக்குதே. இன்னும் ரெண்டு சொட்டு கோலா உடு."

மல்லிகாவுக்காக மனம் இளகியது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. பதினைந்து வருடம் அந்த டம்ளரில் நுரைத்துக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த டம்ளருக்குப் பாட்டில் சாய்ந்தபோது போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்கண்ணே. மல்லிகா, நான் பொய் சொன்னேன். இது நல்லா இருக்கு. நான் முகர்ந்ததிலயே இதுதான் நல்லது."

சரோஜா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, ஒரு பாட்டிலுக்கு இம்மாம் பஞ்சாயத்து?"

மல்லிகா என்னையே பார்த்தாள். "ஏன் பொய் சொன்ன?"

"பொறாமை."

"எத்தன நாளா?"

"பத்து வருஷமா."

"இப்ப பாவம் பார்த்து மாத்திச் சொல்லலன்னு நான் எப்படி நம்பறது?"

அதற்கு வழியும் அவளே வைத்திருந்தாள். உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். "உங்க ஃபேக்டரில எழுதற மாதிரி எழுது. கீழ பேர் எழுதிக் கையெழுத்துப் போடு."

எங்கள் தொழிலில் வாயால் யார் எதையும் சொல்லிவிடலாம். மாதிரித்தாளில் கையெழுத்திட்டு நான் பொய் எழுதியதில்லை. ஒருமுறை முதலாளி நேரில் நின்று கேட்டும் எழுதவில்லை. மல்லிகாவுக்கு அது தெரியும், கடிதத்தில் பெருமையடித்திருந்தேன். மறுபடி ஊற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் எழுதினேன். கோதுமை, வெல்லம், பலா, தோல் எல்லாம் எழுதினேன். கடைசியில் 'சரி'. கையெழுத்து. கறி ஆறிவிட்டது.

அவள் இரண்டு முறை படித்து, மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள். பாட்டிலில் கால்பாகம் மிச்சம் இருந்தது. என் பீக்கரை லேசாக நகர்த்தினேன். அவள் மூடியை இறுக்கித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"உனக்குக் கெடையாது," என்றாள். சிரிக்கவில்லை.

ஆறிய கறியைச் சாப்பிட்டோம். 3.20 ரயிலில் திரும்பினேன். நிலையம் வரை அவள் வரவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஆவடிக்கு சென்ட்ரலிலிருந்து மின்ரயில்தான் இன்றும் நல்ல வழி. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, அரை மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது திருவேற்காடு கோயிலுக்கும் போவதென்றால் அங்கிருந்து கோயம்பேட்டுக்கு ஷேர் வேன் கிடைக்கும். கெஞ்சினால்கூட வேன் நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள்.

இந்த வகை பர்பன் உங்கள் கைக்கு வந்தால் கோலா வேண்டாம், ஐஸும் வேண்டாம். வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, மூடி வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சுவையுங்கள். முதல் வாய்க்குப் பிறகு வேண்டுமானால் நாலு சொட்டுத் தண்ணீர். அதைச் செய்தவரோ தேர்ந்தெடுத்தவரோ எதிரில் உட்கார்ந்திருந்தால், தோன்றியதை அந்த முதல் வாயிலேயே சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொன்ன பாராட்டை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை, சாட்சியமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வருட மழைக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் உறை வந்தது, உள்ளே ஒரு பாட்டில் லேபிள். பீப்பாயைத் தனியாகவே பாட்டிலில் போட்டுவிட்டார்கள். லேபிளின் பின்பக்கத்தில் வறுத்த கோதுமை, வெல்லப்பாகு, பலாப்பழம் என்று என் வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. கீழே மல்லிகாவின் பெயர். கடிதம் ஏதும் இல்லை. நான் அதை நாலு முறை படித்தேன், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. லேபிளை மட்டும்தான் அனுப்பியிருந்தாள். பாட்டிலை அனுப்பவில்லை.