இலை லாரியை முந்திய கால்கள்

மலைமேல் இத்தலார் பக்கம், எங்கள் வீட்டை ஒட்டித்தான் பச்சை இலை எடை போடும் கொட்டகை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அங்கிருந்து இலையை ஏற்றிக்கொண்டு கீழே ஃபேக்டரிக்கு லாரி ஓட்டினார். லாரிக்கு வளைந்து வளைந்து இறங்கும் தார்ச்சாலை. எனக்கு, இலை பறிக்கிறவர்கள் நடந்து நடந்து தேயிலைக்கு நடுவே உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை. லாரி கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், நானும் கிளம்பிவிடுவேன்.

யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினால் முழங்காலைச் செடி கீறும், மூக்கில் குளிர் ஏறும், பாதி வழியில் கால்கள் என் பேச்சைக் கேட்காது. அப்படி ஒரு சந்தோஷம். வளைவுக்கு வளைவு மாமா ஹாரன் அடிப்பார். ஃபேக்டரி கேட்டுக்கு எனக்குப் பின்னால் வந்து சேர்ந்து, இரண்டு கைகளையும் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொள்வார். திரும்பும்போது அவர் பக்கத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வருவேன்.

ஒருநாள் காகிதப் பொட்டலத்திலிருந்து மொறுமொறுவென்று பேக்கரியில் சுட்ட ஒரு வர்க்கியை எடுத்து நீட்டி, "செயிச்சவங்களுக்குப் பரிசுங்க அம்மணி" என்றார். மறுநாளும் தந்தார். பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. கொஞ்ச நாளில், கேட்டில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் இலையைச் செடியிலேயே முற்ற விட்டார்கள். லாரி பாதி காலியாகப் போனது. வர்க்கி நின்றது. நானும் நின்றுவிட்டேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். என் கால்களோ கொட்டகை ஓரத்துக் கல்லில் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தன.

"முந்தியெல்லாம் சும்மாதான ஓடுவ? இப்ப என்ன வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"சும்மா எதுக்கு ஓடோணும்?" என்றேன்.

கடைசியில் ஃபேக்டரியை மூடுவதென்று ஆகிவிட்டது. மாமா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக முடிவானது. கடைசி லோடு ஏற்றிய அன்று, லாரியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அம்மணி, இன்னைக்கு ஒருக்கா ஓடலாமா?"

"வர்க்கி இருக்குங்களா மாமா?"

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்லீங்களே."

நான் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை.

இப்போது கோவையில், டாக்டர் சொன்னதற்காகக் காலையில் நடக்கிறேன். முடித்ததும் கைக்கடிகாரம் ஒரு பதக்கப் படத்தைக் காட்டிப் பாராட்டுகிறது. அந்தப் பதக்கங்களையெல்லாம் கொடுத்துவிட்டு, அந்த ஒற்றையடிப் பாதையில் ஒரே ஒருமுறை ஓடிவிட்டு வரலாம் என்று மனம் கிடந்து ஏங்குகிறது. கீழே கையைத் தூக்க மாமா இல்லை. பாதையையும் புதர் மூடிவிட்டதாம்.

அந்தக் கடைசி லோடு அன்று லாரி எப்போதையும்விட மெதுவாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, ஹாரன் அடித்து, கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி நகர்ந்தது. வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, நான் மேலே இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.