பங்காருபாளையத்திலேயே தங்கிவிட்ட ஹென்ரிக்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பங்காருபாளையத்திலிருந்து மாந்தோப்புக்காரர் முனிரத்தினம் போன் செய்தார். "சார், நைனா போயிட்டாரு. காபி எடுத்துக்கினு போனேன். எத்தினி வாட்டி கூப்ட்டும் எழுந்துக்கல." ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஊரே நைனா என்று அழைத்த ஹென்ரிக், ஹாலந்துக்காரர். சித்தூரில் நான் வேலை பார்க்கும் மாம்பழக்கூழ் கம்பெனிக்கு, வெளிநாட்டு வியாபாரிகள் சார்பில் சீசன்தோறும் தரம் பார்க்க வருவார். அவர் சொல்வதை விவசாயிகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்வது என் வேலை. அந்த நாட்களை, இதைப் படிக்கும் கம்பெனி நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லாரியிலிருந்து ஒரு தோத்தாபுரி மாம்பழத்தை எடுத்து அறுப்பார், முகர்வார், தலையை ஆட்டுவார். மொத்த லோடும் திரும்பிவிடும். நம் மேனேஜரே அவர் எதிரில் உட்கார மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் ஒரே ஒரு பையுடன் வந்து, பங்காருபாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டு அறையில் குடியேறினார். ஒரு பாய், ஒரு நாற்காலி, இரண்டு பாத்திரம். நான் வாயைப் பிளந்தேன். "குறை கண்டுபிடித்தே வாழ்ந்துவிட்டேன். இனிக் கிடைப்பதைச் சாப்பிடப் போகிறேன்," என்றார். ஏதோ கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

ஊர் வேறு விதமாக முடிவு கட்டியது. கம்பெனி துரத்திவிட்டது, பாவம், கஞ்சிக்கு வழியில்லை! முனிரத்தினத்துக்குத் தனிக் கலக்கம். தன் லோடு திரும்பிய ஒரு சீசனில் கம்பெனி வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றி அவரைச் சபித்திருந்தார். சாபம் பலித்துவிட்டதே என்று பயந்து, தினமும் களியும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தார். புதிதாக வருபவருக்குச் சோறு போடுவது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று ஹென்ரிக் நினைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, முனிரத்தினத்தின் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார்.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் பிழைத்தார். மகள் அன்னா ஹாலந்திலிருந்து ஓடிவந்தார். அறையைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அப்பாவை அழைத்துப் போக டிக்கெட்டும் எடுத்துவிட்டார். "இங்கே இவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஹென்ரிக் முகத்தில் ரத்தமே இல்லை. போக மனமில்லை, மகளை அழவிடவும் மனமில்லை.

களியோடு வந்த முனிரத்தினம், அன்னா அழுவதைப் பார்த்து நடுங்கிவிட்டார். "அந்தப் பொண்ணாண்ட சொல்லு சார். நான் உட்ட சாபந்தான் இவர இப்டி ஆக்கிச்சி. நான் கீற வரிக்கும் நைனாவ பட்டினி போட மாட்டேன்."

மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பென்ஷன் தாராளமாக வருகிறது, நானாக விரும்பித்தான் வந்தேன் என்றார்.

"அப்ப இன்னாத்துக்கு நைனா, இத்தினி நாளா நான் கொண்டாந்தத துன்னுக்கினு இருந்த?"

"நன்றாக இருந்தது," என்றார் ஹென்ரிக். முனிரத்தினம் விருட்டென்று போய்விட்டார்.

மறுநாள் முனிரத்தினத்துக்குச் சாப பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை. ஆனாலும் களி வந்தது, அப்பாவுக்கும் மகளுக்குமாக. அன்னா முழுவதும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, அப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார்.

நைனா போன செய்தி வந்த அன்று காலை நான் பங்காருபாளையம் போய், அங்கிருந்து அன்னாவை அழைத்தேன். உடலை அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டேன். வெகுநேரம் அழுகைதான் கேட்டது. பிறகு, "எங்கே அனுப்புவீர்கள்? அப்பா வீட்டில்தானே இருக்கிறார்?" என்றார். பக்கத்தில் நின்ற முனிரத்தினத்திடம் அதைத் தமிழில் சொன்னேன். "பின்ன? இது இன்னா கேள்வி சார்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தோப்பிலேயே இடம் பார்க்கப் போனார்.

யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், வீட்டில் காத்திருப்பார்கள் என்று நழுவுகிறவன் நான். அடக்கம் முடிந்து கிளம்பியபோது முனிரத்தினம் களி சாப்பிடக் கூப்பிட்டார். உட்கார்ந்துவிட்டேன். ஹென்ரிக்கிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.